ஆறு எண்ணும் வரை

கலியாண வீட்டுக்குள்ளே ஆட்களைப் படம் பிடிக்க அந்தக் காலத்தில் எங்களுக்கு மூன்று வெளிச்சங்கள் இருந்தன. ஒன்று மக்னீசியத் தூள். அதை ஒரு தகரத் தட்டில் கொட்டி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பொறி வைத்தால் கண்ணைப் பறிக்கிற வெளிச்சத்தோடு பொம்மென்று வெடிக்கும். ஊரில் அதற்கு வெடி என்றே பெயர். இரண்டாவது பெற்றோமக்ஸ் விளக்கு. மூன்றாவது, யாரும் கொளுத்தாமல் கதவாலும் யன்னலாலும் வருகிற பகல் வெளிச்சம். யாழ்ப்பாணத்தில் படம் பிடித்து வயிறு வளர்த்தவர்களில் மூன்றாவதை மட்டுமே நம்பியவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். அதில் எனக்கு மண்டை நிறையப் பெருமை இருந்தது. அந்தப் பெருமை செய்த காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தூளை நான் வெறுத்தேன். அது வெடிக்கிற கணத்தில் பெண்கள் கண்ணை மூடிவிடுவார்கள், கிழவர்கள் வாயைத் திறந்துவிடுவார்கள். முகங்கள் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துப்போகும். பின்சுவரில் ஆளுக்கொரு கரிய நிழல் எழுந்து நிற்கும். பிறகு புகை கூரையில் போய் முட்டித் திரும்பி இறங்கும். ஓமப் புகைக்கே இருமாத ஐயர் இதற்கு இருமுவார். பலகாரத் தட்டில் சாம்பல் விழும். பெற்றோமக்ஸ் அவ்வளவு மோசமில்லை. ஆனால் அதை மேலே தொங்கவிட்டால் எல்லோருக்கும் கண்ணுக்குக் கீழே குழி விழும். மணப்பெண் பத்து நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்தவளைப்போல இருப்பாள். பகல் வெளிச்சத்தில் இந்தக் குறை ஒன்றும் கிடையாது. அதற்கு வேண்டியது பொறுமை. லென்சின் மூடியைக் கழற்றி, நான்கோ ஆறோ எட்டோ எண்ணி, திரும்ப மூட வேண்டும். அவ்வளவு நேரமும் படத்தில் இருப்பவர்கள் அசையக் கூடாது.

சனங்களுக்கு இது பிடிக்கவில்லை. வெடி இல்லாமல் படம் எடுத்தால் ஏதோ ஏமாற்றிவிட்டதாகவே நினைத்தார்கள். “வெடி கொண்டு வரேல்லையோ தம்பி?” என்று கேட்காத வீடு இல்லை. நானும் ஆபத்துக்கு உதவட்டும் என்று ஒரு தகரம் தூளைப் பெட்டியின் அடியில் வைத்திருப்பேன். அநேகமாக அது திறக்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பி வரும். யாராவது அசைந்தால் வயது, மரியாதை ஒன்றும் பார்க்காமல் அதட்டுவேன். என் அதட்டலில் மாப்பிள்ளைமார் கல்லாய்ச் சமைந்துவிடுவார்கள் என்று ஊரில் பகிடியாகச் சொல்வார்கள். அதையும் நான் புகழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. படம் பிடிக்கப்போகிற வீட்டுக்கு முதல் நாளே, அதே நேரத்துக்குப் போய், வெயில் எங்கே விழுகிறது, எந்தச் சுவர் வெள்ளை, எந்தக் கதவைத் திறந்தால் எவ்வளவு தூரம் வெளிச்சம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வருவேன். உரும்பிராயில் ஒரு பகல் முகூர்த்தக் கலியாணத்துக்கும் அப்படித்தான் முதல் நாள் காலை பத்து மணிக்குப் போயிருந்தேன்.

நடுவில் முற்றம் வைத்த பெரிய கல்வீடு. பந்தல் போட்டாயிற்று, வாழை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் கலியாண வீட்டுக்குரிய சத்தம் இல்லை. எல்லோரும் குரலைத் தாழ்த்தியே கதைத்தார்கள். பெண்ணின் தாய்மாமன்தான் எல்லாவற்றையும் நின்று நடத்தினார். என்னை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னார். பெண்ணுக்குத் தாய் இல்லை. தகப்பன் நெஞ்சு வருத்தத்தில் படுக்கையாகக் கிடந்தார். மாப்பிள்ளைக்கு மலாயாவில் ரெயில்வே வேலை; லீவு முடியப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கப்பலேற வேண்டும். இரண்டு மாதம் கழித்து வைத்திருந்த நாளைத் தகப்பனின் நிலைமையைக் கண்டுதான் முன்னுக்கு இழுத்திருந்தார்கள்.

“டொக்குத்தர் ஒரு கிழமை எண்டு சொன்னவர், தம்பி. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் மனுசன் இருந்திட்டால் போதும். அதுக்கு முந்தி ஏதும் நடந்துதெண்டால் தீட்டு, துடக்கு எண்டு வந்திடும். பிறகு வருசம் திரும்பாமல் இந்த வீட்டிலை ஒரு நல்ல காரியம் செய்யேலாது. மாப்பிள்ளை கப்பலேறிப் போனால் எங்களுக்காக ஒரு வருசம் காத்துக்கொண்டிருப்பாரோ?”

நான் தலையை ஆட்டினேன். அவர் போன பிறகு, பக்கத்து அறைக் கதவுக்குப் பின்னால் நின்று ஒரு பெண் குரல் கூப்பிட்டது. மணப்பெண்தான். கதவு நீக்கலில் அவளுடைய காப்புக் கை மட்டும் தெரிந்தது.

“அண்ணை, நாளைக்கு என்னை மணவறைக்குக் கூப்பிட முந்தி எங்கடை ஐயாவோடை ஒரு படம் எடுக்க வேணும். அவரை வெளியிலை தூக்கேலாது. அறைக்குள்ளை எடுப்பியளோ? அவர் இதுவரைக்கும் ஒரு படத்துக்கும் இருக்கேல்லை. நான் போற இடத்துக்குக் கொண்டுபோக என்னட்டை ஒண்டும் இல்லை.”

“எடுப்பன்,” என்றேன்.

அந்த அறையைப் போய்ப் பார்த்தேன். ஆள் எட்டாத உயரத்தில் ஒரே ஒரு சின்ன யன்னல். முற்றத்துப் பக்கம் ஒரு கதவு. கட்டிலில் தலையணைகளை அடுக்கி அவரைச் சாய்த்து வைத்திருந்தார்கள். மூச்சு இழுக்கிற சத்தம் வாசலிலேயே கேட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் இரண்டும் மேலே ஏறி இறங்கின. பின்னால் வந்த மாமன் மெல்லச் சொன்னார்: “ஒரு சின்ன வெடி வைச்சு எடுத்துவிடுங்கோவன். கண்மூடித் திறக்க முந்தி முடிஞ்சிடும்.”

“புகை அவருக்கு ஆகாது,” என்றேன்.

நல்ல காரணம்தான், எவரும் குறை சொல்ல முடியாத காரணம். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டே இரண்டு முகங்களுக்கு ஒரு சிட்டிகைத் தூள் போதும். கதவு திறந்திருந்தால் அந்தப் புகை அவர் பக்கம் போகாமலே வெளியேறியிருக்கும். அது எனக்குத் தெரியும். என் மனதில் நின்றது அவருடைய நெஞ்சு அல்ல. இப்படி ஓர் இருட்டறையில், வெடியைத் தொடாமல், வெறும் வெயிலைக் கொண்டே படம் எடுத்துக் காட்ட வேண்டும் என்ற ஆசைதான் நின்றது. வேறு எவனாலும் முடியாது என்று எண்ணினேன்.

வழி கண்டுபிடிக்க எனக்கு நேரம் செல்லவில்லை. பத்து மணிக்கு முற்றத்தில் நல்ல வெயில். அங்கே ஓர் ஆளுயரக் கண்ணாடியை நிறுத்தி, வெயிலைக் கதவு வழியாக அறைக்குள் எறியலாம். நேரே முகத்தில் எறிந்தால் கண் கூசும். கட்டிலுக்கு மேலே வெள்ளைத் துணி கட்டி அதில் எறிந்தால், வெளிச்சம் அதில் பட்டு மெத்தென்று கீழே இறங்கும். துணிக்கும் குறைவில்லை. எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்கும் சாவுக்கும் கூரைக்குக் கீழே வெள்ளைத் துணி கட்டுவது வழக்கம்; கலியாணத்துக்கென்று மண்டபம் முழுக்க ஏற்கெனவே கட்டியிருந்தார்கள். இந்த அறையிலும் கட்டச் சொன்னேன். மாமனின் முகம் கறுத்தது.

“படுத்திருக்கிற மனுசனுக்கு மேலை வெள்ளை கட்டுறதோ, தம்பி? பாக்கிற ஆக்கள் என்ன நினைப்பினம்?”

“உது வெளிச்சத்துக்குக் கட்டுற துணி. பாக்கிற ஆக்களைப் பற்றி எனக்கென்ன?” என்றேன். வீட்டுப் பெரியவரிடம் கதைக்கிற கதையா அது? இன்று நினைத்தால் நாக்குக் கூசுகிறது.

கட்டிலில் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இரண்டு மூச்சுக்கு ஒரு சொல்லாக, “கட்டட்டும். பிள்ளை ஆசைப்படுறாள்,” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “தம்பி, நாளைக்குச் சவரம் எடுத்துப்போட்டு இருக்கிறன். முகத்தை வடிவா எடுத்துத் தாரும்,” என்றார். சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது.

மறுநாள் காலை வாடகைக் காரில் சாமான்களோடு போனேன். வெயில் நான் சொன்ன இடத்தில் விழுந்திருந்தது. வீட்டு ஆட்கள் இருவர் அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றி முற்றத்தில் பிடித்துக்கொண்டார்கள். கொஞ்சம் சரிக்கச் சொன்னேன், கொஞ்சம் உயர்த்தச் சொன்னேன். வெயில் கதவுக்குள் புகுந்து வெள்ளையில் ஏறியது. அறை முழுக்க வெளிச்சம் இறங்கியது. அப்படி ஒரு வெளிச்சத்தை நான் என் வாழ்நாளில் எந்த வீட்டுக்குள்ளும் கண்டதில்லை. சவரம் செய்து, திருநீறு பூசி, புதுச் சால்வை போர்த்தியிருந்த அந்த மனிதரின் நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றும் எண்ணக்கூடியதாகத் தெரிந்தது. மகள் நகையும் பூவுமாக வந்து கட்டில் விளிம்பில் அமர்ந்தாள். தகப்பனுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தை நான் அப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். அழுது முடித்துக் கழுவிய முகம்.

கணக்குப் பார்த்தேன். ஆறு எண்ண வேண்டும். அவளால் ஆறு எண்ணும் வரை அசையாமல் இருக்க முடியும். அவருடைய தோள்கள்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அப்படியே எடுத்தால் முகம் கலங்கிப்போகும். ஆகவே எல்லோருக்கும் வழக்கமாகச் சொல்வதை அவருக்கும் சொன்னேன்.

“ஐயா, நான் மூடியைக் கழற்றின உடனை மூச்சைப் பிடியுங்கோ. நான் ‘சரி’ எண்டு சொல்லுமட்டும் விடக் கூடாது. விட்டால் படம் பழுதாப் போகும்.”

மூச்சுக்கே வழியில்லாத மனிதரிடம் மூச்சைப் பிடிக்கச் சொல்கிறோமே என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த அறையில் எனக்கு வெளிச்சத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அவர் தலையை ஆட்டினார்.

மூடியைக் கழற்றினேன். சத்தம் போட்டு எண்ணினால் ஆட்களின் கண் ஆடும் என்பதால் நான் எப்போதும் மனதுக்குள்ளேதான் எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இழுக்கிற சத்தம் நின்று, அந்த அறை அமைதியாக இருந்தது. நான்கு, ஐந்து, ஆறு. மூடினேன்.

அந்த நேரத்தில் வெளியே கண்ணாடி சரிந்து, வெள்ளையில் இருந்த வெளிச்சம் சுவருக்கு ஓடியது. நான் கதவடிக்குப் போய், “ஆட்டாதேங்கோ, கொஞ்சம் பிடியுங்கோ,” என்று அந்த இருவரையும் கடிந்துகொண்டேன். திரும்பி வந்து, படம் பதிந்த கண்ணாடித் தகட்டை வெளிச்சம் படாமல் மூடுகிற பலகையைத் தள்ளினேன். அது பாதியில் சிக்கிக்கொண்டது. வெளிச்சம் பட்டால் எல்லாம் போச்சு என்று பதற்றத்தோடு, கறுப்புத் துணியால் மூடி, மெல்ல மெல்ல அசைத்துத் தள்ளி முடித்தேன். என் சந்தோஷம் பெரிய சந்தோஷம். நல்ல படம் கிடைத்துவிட்டது என்று கை சொல்லியது. ‘சரி’ என்ற சொல்லை மட்டும் நான் சொல்லவில்லை.

நிமிர்ந்து பார்த்தபோது இரண்டு பேரும் வைத்தது வைத்தபடி இருந்தார்கள். எவ்வளவு நல்ல சனம், சொன்ன சொல்லுக்கு நிற்கிறார்களே என்றுதான் முதலில் நினைத்தேன். அவருடைய கன்னம் இலேசாக உப்பியிருந்தது. நெற்றியில் வியர்வை. வாத்தியார் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பள்ளிப் பிள்ளையைப்போல என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்க முன்பே மூச்சு தானாக வெளியே வந்தது. சத்தமில்லாமல், நீளமாக வந்தது. அடுத்த மூச்சு உள்ளே போகவில்லை.

மண்டபத்தில் மேளம் எழும்பியது. “பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ,” என்று மாமனின் குரல் கேட்டது. அவள் தன் மடியில் கிடந்த கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்வேன் என்று பார்த்தாளோ, என்ன நடந்தது என்று கேட்டாளோ தெரியாது. அவள் எழுந்து, தகப்பனின் தலையைத் தலையணையில் சரித்து வைத்தாள். உள்ளங்கையால் அவருடைய கண்களை மூடினாள். சால்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள்.

“ஐயா நித்திரை கொள்ளுறார்,” என்றாள். “கதவைச் சாத்திவிடுங்கோ, அண்ணை.”

நான் கதவைச் சாத்தினேன். அவள் மணவறைக்கு நடந்து போனாள்.

அந்தக் கலியாணத்தின் மற்றப் படங்கள் எல்லாவற்றையும் நான் வெடி வைத்தே எடுத்தேன். எவரையும் அசையாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தகரத்தில் இருந்த தூள் முழுக்க அன்றைக்கே தீர்ந்தது. ஒவ்வொரு வெடிக்கும் பிள்ளைகள் கை தட்டினார்கள். வந்திருந்தவர்கள் இப்போதுதான் படக்காரருக்குப் புத்தி வந்திருக்கிறது என்று சிரித்தார்கள். தாலி கட்டுகிற படத்தில் அவள் கண் திறந்திருக்கிறது. மற்ற எல்லோருக்கும் மூடியிருக்கிறது.

தாலி ஏறியதும் பொம்பிளையும் மாப்பிள்ளையும் பெண்ணின் தகப்பனுடைய காலில் விழுந்து கும்பிட வேண்டும். மாமன் முன்னால் போய்க் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். கட்டிலடிக்குப் போய் அவருடைய நெற்றியைத் தொட்டார். வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தினார். மாப்பிள்ளையிடம், “அத்தான் இப்பதான் கண்ணயர்ந்தவர். எழுப்ப வேண்டாம். வாசலிலை நிண்டு கும்பிடுங்கோ,” என்றார். அவருடைய குரலில் ஒரு பிசகும் இல்லை. மாப்பிள்ளை குனிந்து எழுந்தார். மூடிய கதவுக்கு முன்னால் விழுந்த அவள் எழும்பவில்லை. கூறைச் சேலையோடு நிலத்தில் முகத்தை வைத்தபடி கிடந்தாள். பொம்பிளைக்குக் களைப்பு என்று சொல்லி இரண்டு பெண்கள் தூக்கி நிறுத்தினார்கள்.

சனம் பந்தியில் இருந்து சாப்பிட்டுப் போனது. பிற்பகல் பொம்பிளை மாப்பிள்ளை கார் மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்பட்டது. கார் தெருவால் திரும்பி மறைந்த பிறகுதான் மாமன் பந்தலுக்குள் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்குள் பெண்கள் குரல் வைத்து அழுதார்கள். அந்த அறையில் சாவுக்கென்று வெள்ளை கட்டுகிற வேலை மட்டும் அவர்களுக்கு இருக்கவில்லை; அதை நான் முன்பே கட்டுவித்திருந்தேன். நான் சாமான்களைக் காரில் ஏற்றிக்கொண்டு எவரிடமும் சொல்லாமல் புறப்பட்டேன்.

ஸ்ரூடியோவில் எல்லாத் தகடுகளையும் கழுவி முடித்துக் கடைசியாகத்தான் அந்தத் தகட்டைத் தொட்டேன். உடைத்துவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் மருந்துத் தண்ணீரில் அந்த முகம் எழும்பி வந்தபோது என்னால் உடைக்க முடியவில்லை. எல்லாம் தெளிவு. நெற்றிச் சுருக்கம், திருநீறு, மகளின் விரலுக்குள் அவருடைய விரல். கண்ணில் ஒரு ஈரம். நான் எடுத்த படங்களில் அதுதான் மிகச் சிறந்தது. இன்றைக்கும் அதை மறுக்க மாட்டேன். அதைச் சொல்லும்போது வெட்கமாகவும் இருக்கிறது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அச்சடிக்க மாமன் வந்து படம் கேட்டார். இறந்தவருக்கு இருந்த ஒரே படம் அதுதான். தகப்பனின் முகத்தைத் தனியாகப் பெருப்பித்துக் கொடுத்தேன். கல்வெட்டின் முதல் பக்கத்தில் அது வந்தது. “உயிரோடை இருந்து பாக்கிற மாதிரி இருக்கு, தம்பி,” என்றார் மாமன். ஊர் முழுக்க அதையே சொன்னது. உரும்பிராயில் மட்டுமல்ல, கோப்பாயிலும் என் வெளிச்சத்தைப் பற்றிக் கதைத்தார்கள். அந்த வருடம் எனக்கு ஓய்வில்லாமல் வேலை வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, நான் சொல்லப்போகிற ஒரு சொல்லுக்குக் காத்திருந்த அந்த முகத்தை, அவருடைய சொந்தக்காரர் வீடுகளுக்குப் போன இடத்தில் எல்லாம் மாலை போட்டு மாட்டியிருக்கக் கண்டேன்.

அவர் எப்படியும் போகவிருந்த மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். டொக்குத்தரும் அதைத்தான் சொன்னாராம். இருக்கலாம். நானும் அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பத்து மணிக்குப் போகவேண்டியவர் என்று ஒருவரும் சொல்லவில்லை.

கப்பலுக்கு ஒரு கிழமை இருக்கும்போது அவள் ஸ்ரூடியோவுக்கு வந்தாள். புருஷன் தெருவில் காருக்குள் இருந்தார். தகப்பனும் தானும் இருக்கிற முழுப் படத்தை வாங்கிப்போக வந்திருந்தாள். தடித்த அட்டையில் ஒட்டி வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். யன்னலடியில் போய் நின்று வெகு நேரம் பார்த்தாள். வைவாள் என்று நினைத்தேன். வைதால் நல்லது என்றும் நினைத்தேன்.

“அண்ணை, உங்களிட்டை மட்டும்தான் சொல்லலாம்,” என்றாள். “ஐயாவின்ரை கை என்ரை மடியிலை நடுங்கினது. அவரால ஏலாமல் போகுதெண்டு எனக்குத் தெரிஞ்சது. மூச்சை விடுங்கோ ஐயா எண்டு சொல்ல வாய் வந்தது. கதைச்சால் படம் பழுதாப் போயிடும் எண்டு நான் பேசாமல் இருந்திட்டன்.” படத்திலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்து, “நான் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்?” என்று கேட்டாள்.

படத்தில் அவருடைய விரல் கொஞ்சமும் கலங்கவில்லை; கை நடுங்கிய நேரத்தில் படம் எடுத்து முடிந்திருந்தது. மூடி லென்சில் இருந்தது. நான் பலகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவள் வாய் திறந்திருந்தால் பழுதாவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அதை அவளுக்குச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான். அதைச் சொன்னால், சொல்ல வேண்டிய சொல்லை மறந்து நின்றவன் நான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

“கதைச்சிருந்தால் படம் வந்திராது, பிள்ளை,” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். படத்தைச் சேலைத் தலைப்பால் சுற்றி எடுத்துக்கொண்டு, புருஷன் காத்திருந்த காருக்குப் போனாள்.